ஷெனானிகன்ஸ்... குறும்பா, குற்றமா?

ஆங்கிலத்தில் சில சொற்கள் உண்டு. அர்த்தம் தெரிவதற்கு முன்பே, வாயால் சொல்லிப் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும். 'ஷெனானிகன்ஸ்' அந்த ரகம். ஏதோ வெளிநாட்டு ஐஸ்க்ரீம் பெயர் மாதிரி இருக்கும். சிலருக்கு வியாதியின் பெயர் மாதிரியும் கேட்கும்!

பள்ளிக்கூடத்தில் 26 வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது வாரத்தில் மூன்று நாள், மாலை நேரத்தில், எங்கள் அபார்ட்மென்ட் பெண்களுக்கும் தெருப் பெண்களுக்கும் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பாடப் புத்தகம் எதுவும் கிடையாது. அந்த வாரம் அவரவர் போனுக்கு வந்த மெசேஜ், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்த சர்க்குலர், ஆபீஸ் மெயில், இவைதான் பாடம். அப்படி ஒரே வருடத்தில் இந்த 'ஷெனானிகன்ஸ்' இரண்டு தடவை எங்கள் வகுப்புக்கு வந்தது. மூன்றாவது தடவை, வரவேண்டிய இடத்தில் வராமல் போனது. அந்த மூன்றையும் சொல்கிறேன். சொல்லின் அர்த்தம் தானாகவே புரிந்துவிடும்.

கோதுமை மாவும் நாய்க்குட்டியும்

முதலில் கொண்டுவந்தவர் எங்கள் வகுப்பிலேயே மூத்த மாணவி. வயது 71. மகன் அமெரிக்காவில் இருக்கிறார். பேரனுக்கு இரண்டரை வயது. ஒருநாள் காலையில் மகனிடமிருந்து நான்கு புகைப்படங்கள் வந்திருக்கின்றன. மேலே 'டுடேஸ் ஷெனானிகன்ஸ்' என்று ஒரு வரி. படம் திறப்பதற்குள் போனில் சார்ஜ் போய்விட்டது. அந்தப் பதற்றத்தோடு வகுப்புக்கு வந்தவர் கேட்டார்:

"டீச்சரம்மா, கொழந்தைக்கு ஏதோ ஷெனானின்னு வந்திருக்காம். ஊசி போட்டா சரியாயிடுமா?"

சார்ஜ் போட்டுப் படங்களைத் திறந்தோம். சமையலறைத் தரை முழுக்கக் கோதுமை மாவு. நடுவில் பேரன். பக்கத்தில், வெள்ளை வெளேரென்று மாவு பூசப்பட்ட ஒரு பழுப்பு நாய்க்குட்டி. அன்றைக்கு வகுப்பு முழுக்கச் சிரிப்புதான்.

"பாட்டிம்மா, இது வியாதி இல்லை. நம்ம ஊர்ல வாலுத்தனம், சேட்டைன்னு சொல்வோமே, அதுதான்" என்றேன்.

"அதுக்கு ஊசியே கிடையாது. அவன் அப்பனுக்கும் இருந்தது" என்றார்.

இதுதான் இந்தச் சொல்லின் வீட்டு முகம். குழந்தைகள் அடிக்கும் லூட்டி, கல்லூரி விடுதியில் நள்ளிரவில் நடக்கும் கூத்து, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்து வைக்கும் கலாட்டா எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாவது அசையில் விழும். அந்த 'னா'வை முழு 'னா'வாகச் சொல்லாமல், ஆங்கிலேயர் 'ஆப்பிள்' என்பதை எப்படித் தொடங்குவார்களோ அப்படிச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பன்மையில்தான் வரும். நண்பர்களுக்கு அனுப்பும் மெசேஜில் எழுதலாம், பேச்சில் சொல்லலாம். விடுப்புக் கடிதத்திலும் காவல் நிலையப் புகாரிலும் எழுதக் கூடாது. ஏன் கூடாது என்பது கொஞ்சம் தள்ளி வரும்.

நரியிலிருந்து வந்ததா?

இந்தச் சொல்லின் பிறப்பு ஒரு சுவாரஸ்யம். நமக்குக் கிடைத்திருக்கும் பழைய அச்சுப் பதிவு 1855-ம் ஆண்டு, கலிஃபோர்னியாவில். தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் அங்கே போய்க் குவிந்திருந்த காலம். ஐரிஷ்காரர், ஜெர்மானியர், ஸ்பானிய மொழி பேசுபவர், சீனர் என்று எல்லோரும் ஒரே கூடாரத்தில். அங்கே யார் வாயிலிருந்து இந்தச் சொல் முதலில் வந்தது என்பதை அகராதிக்காரர்கள் இன்றுவரை அறுதியிட்டுச் சொல்லவில்லை.

ஊகங்கள் மட்டும் பல. ஐரிஷ் மொழியில் நரிக்கு 'ஷினக்' என்பதுபோல ஒரு பெயர். 'நரி வேலை பார்க்கிறேன்' என்று பொருள்படும் ஐரிஷ் வினைச்சொல் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கட்சி. தந்திரம், ஏமாற்று என்று பொருள்படும் ஸ்பானியச் சொல் ஒன்றிலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. ஜெர்மன் பேச்சு வழக்கு என்பாரும் உண்டு. எனக்கு நரிக் கட்சிதான் பிடிக்கும். நாமும் 'நரித்தனம்' என்றுதானே சொல்கிறோம்!

ஒன்றைக் கவனித்தீர்களா? நரியோ ஸ்பானியத் தந்திரமோ, எந்த ஊகத்தை எடுத்தாலும் குழந்தை விளையாட்டு வரவில்லை. சூது, வாது, ஏமாற்று இவைதான் வருகின்றன. ஆரம்பத்தில் இந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். மாவு கொட்டும் பேரனுக்கும் சேர்த்து அது பயன்பட ஆரம்பித்தது பிற்பாடுதான். பழைய பொருளும் போய்விடவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

உதாரணத்துக்கு, ஹோவர்ட் ஷிலிட் என்ற அமெரிக்கக் கணக்கியல் பேராசிரியர் 1993-ல் ஒரு புத்தகம் எழுதினார். பெயர் 'ஃபைனான்ஷியல் ஷெனானிகன்ஸ்'. கம்பெனிகள் வராத வருமானத்தை வந்ததாகவும், இருக்கும் செலவை இல்லாததாகவும் எப்படிக் கணக்கில் காட்டுகின்றன, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் விஷயம். நம் நாட்டில் நடந்ததைச் சொன்னால் சட்டென்று புரியும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினாரே, நினைவிருக்கிறதா? கணக்கில் ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் காட்டப்பட்டிருந்ததில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். இதுவும் ஷெனானிகன்ஸ்தான். பங்குகளில் சேமிப்பைப் போட்டு இழந்த குடும்பங்களுக்கு அதில் சிரிக்க என்ன இருந்தது?

இன்னொரு பிரயோகமும் உண்டு. 1998-ல் 'சவுத் பார்க்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் ஒரு கதை. திருவிழாக் கடையில் விளையாட்டு என்ற பெயரில் ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்ததும், 'ஷெனானிகன்ஸ்' என்று அறிவிப்பு வரும். ஊரே துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும்! 'ஐ கால் ஷெனானிகன்ஸ்' என்று இளைஞர்கள் யாராவது சொன்னால், 'இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது, நான் நம்ப மாட்டேன்' என்று அர்த்தம்.

நம் குறும்பும் அப்படித்தான்

குறும்பைச் சொல்லும் சொற்களுக்கு இப்படி இரட்டை முகம் இருப்பது ஆங்கிலத்தில் புதிதல்ல. 'மிஸ்சீஃப்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. முதலில் அதற்குத் துன்பம், கேடு என்று பொருள். சட்டப் புத்தகத்தில் இன்றும் அப்படித்தான். வேண்டுமென்றே அடுத்தவர் சொத்தைச் சேதப்படுத்தினால் அதன் பெயர் 'மிஸ்சீஃப்'. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 425-வது பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 324-வது பிரிவு. எல்.கே.ஜி. டீச்சர் டைரியில் 'உங்கள் மகன் மிஸ்சீவஸ்' என்று எழுதினால் அப்பாவுக்கு உள்ளூரப் பெருமை. வக்கீல் நோட்டீஸில் அதே சொல் வந்தால் தூக்கம் போய்விடும்.

இன்னும் இரண்டு சொற்கள் எதிரெதிர்த் திசையில் நடந்திருக்கின்றன. 'ஹேங்கி பேங்கி' முதலில் கண்கட்டு, ஏமாற்று வேலையைக் குறித்தது. பிறகு ஆண் பெண் விவகாரத்துக்குப் போய்விட்டது. 'ஸ்கல்டக்கரி' ஸ்காட்லாந்தில் ஒழுக்கக்கேடு என்ற பொருளில் கிளம்பி, அமெரிக்காவில் அரசியல் தில்லுமுல்லுவாக மாறிவிட்டது.

நம் தமிழுக்கு வருவோம். 'குறும்பு' என்றதும் கன்னத்தில் குழி விழும் குழந்தைதான் கண்ணில் தெரிகிறது. ஆனால், திருக்குறளில் 'நாடு' அதிகாரத்தைப் புரட்டினால், அரசனை அலைக்கழிக்கும் கொலைகாரக் குறும்பு இல்லாததுதான் நல்ல நாடு என்கிறார் வள்ளுவர். அங்கே குறும்பு என்பது அடங்காத கூட்டம். அடங்காத கூட்டத்துக்கு இருந்த பெயர், அடங்காத குழந்தைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

'விஷமம்' இன்னொன்று. விஷத்திலிருந்து வந்த சொல் என்று பலர் நினைக்கிறார்கள். வடமொழியில் 'விஷமம்' என்றால் சமமில்லாதது, மேடு பள்ளமானது. வீட்டில் 'கண்ணா, விஷமம் பண்ணாதே' என்றால் கொஞ்சல். செய்தித்தாளில் 'விஷமிகள் தீ வைத்தனர்' என்றால் அதில் கொஞ்சல் எங்கே இருக்கிறது?

ஆக, சொல் ஒன்றுதான். அது எங்கே வருகிறது, யார் சொல்கிறார்கள், யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம்.

'அப்போ நான் சொன்னது விளையாட்டா?'

இரண்டாவது தடவை இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவள் வேலைக்குப் போகும் ஒரு பெண். பெயர், ஊர், அலுவலகம் எதையும் சொல்லப் போவதில்லை. என்ன நடந்தது என்பதையும் எழுதப் போவதில்லை. அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து வெளியூர் போன இடத்தில், மேலதிகாரி ஒருவர் அவளிடம் நடந்துகொண்ட விதம் தவறு. அதைக் குறித்து அவள் எழுத்தில் புகார் கொடுத்திருந்தாள். இவ்வளவு போதும்.

அதற்கு அவளுக்கு ஒரு பதில் மெயில் வந்தது. மிக மரியாதையான ஆங்கிலம். 'சுற்றுலாவின்போது நடந்த ஷெனானிகன்ஸ் பற்றி நீங்கள் தெரிவித்ததற்கு நன்றி' என்று அதில் ஒரு வரி.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு போனை நீட்டினாள்.

"டீச்சர், இந்த வார்த்தைக்கு அன்னிக்கு நீங்க பாட்டிம்மாவுக்குச் சொன்ன அர்த்தம்தானே?"

"அந்த அர்த்தமும் உண்டு. ஏமாற்று வேலைன்னும் உண்டு."

"ரெண்டுல எது வெச்சாலும், அவர் பண்ணினதுக்கு இது பேர் இல்லையே டீச்சர். அப்போ நான் சொன்னது விளையாட்டா?"

26 வருடம் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொற்பொருள் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு துல்லியமான கேள்வி எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை.

அந்த மெயிலை எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதினாரா, சங்கடமான விஷயத்தை மெல்லச் சொல்ல ஒரு சொல் தேடினாரா என்று நான் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால், அந்த ஒரு சொல் என்ன செய்கிறது பாருங்கள். செய்தவர் யார் என்பது மறைந்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவள் மறைந்துவிடுகிறாள். 'எல்லோரும் சேர்ந்து ஏதோ கலாட்டா பண்ணியிருக்கிறார்கள்' என்ற படம் மட்டும் மனதில் நிற்கிறது. நாளைக்கு அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பவர் புன்னகையோடு மூடி வைத்துவிடுவார்.

தமிழிலும் இது நடக்கிறது. 'பஸ்ஸில் பெண்ணிடம் சில்மிஷம்' என்று எத்தனை தலைப்புகள் படித்திருக்கிறோம்! காதில் விழும்போது ஏதோ சில்லறை விஷயம் போலத்தானே இருக்கிறது? 'ஈவ் டீசிங்' என்பதும் அதே கதை. வெறும் கேலி என்று அர்த்தம் தரும் சொல். 1998-ல் சென்னையில் அப்படிப்பட்ட 'கேலி'யில் ஒரு கல்லூரி மாணவியின் உயிரே போனது. அதையடுத்துத் தமிழ்நாட்டில் வந்த சட்டத்தின் பெயரிலேயே 'ஈவ் டீசிங்' இருந்தது. 2002-ல் திருத்தம் செய்து, 'பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம்' என்று பெயரை மாற்றினார்கள். துன்புறுத்தல் என்று சொன்ன பிறகு யாரும் சிரிக்க முடியாது.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து பதில் எழுதினோம். கோபமாக ஒரு வரிகூட இல்லை. 'என் புகாரில் உள்ளதை ஷெனானிகன்ஸ் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. தேதி இது, இடம் இது, நேரம் இது, நடந்தது இது. இதே சொற்களில் பதிவு செய்யுங்கள்.' அவ்வளவுதான். சின்னச் சின்ன வாக்கியங்கள். ஏழாம் வகுப்பு ஆங்கிலமே போதுமானதாக இருந்தது.

தோழிகள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2013-ல் வந்த சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்க உள் புகார் குழு இருந்தாக வேண்டும். மூத்த பொறுப்பில் இருக்கும் ஒரு பெண்தான் தலைமை. உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். வெளியிலிருந்தும் ஒருவர் இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை அவகாசம் தரலாம். விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். புகார் கொடுத்தவர் யார் என்பதை வெளியிடக் கூடாது. நான் இங்கே பெயரும் விவரமும் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவள் புகார் குழுவுக்குப் போனது, விசாரணையும் நடந்தது. முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று மட்டும் சொன்னாள்: "அடுத்து வந்த எந்தப் பேப்பர்லயும் அந்த வார்த்தை இல்லை டீச்சர்." இப்போதும் அதே ஆபீஸுக்குத்தான் போகிறாள்.

வரவேண்டிய இடத்தில் வராத சொல்

மூன்றாவது சம்பவம் நேர் எதிர். எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு அம்மாவின் மகன் நான்காம் வகுப்பு. பக்கத்து சீட் பையனின் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்து, சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறான். அந்தப் பையன் தேடுவதைப் பார்த்து இவன் சிரிக்க, இவன் சிரிப்பதைப் பார்த்து அவனும் கண்டுபிடித்துச் சிரித்திருக்கிறான். அதற்குள் விஷயம் ஆபீஸ் ரூம் வரை போய்விட்டது. பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் ஒரே சொல்: 'தெஃப்ட்'. திருட்டு!

அந்த அம்மா அழுதுகொண்டே வந்தார். "என் புள்ள திருடன் இல்ல டீச்சர்" என்பதைத் தவிர அவரால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை. பையனோ இரண்டு நாளாகப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறானாம். 'எல்லாரும் திருடன்னு கூப்பிடுறாங்க.'

இங்கேதான் 'ஷெனானிகன்ஸ்' வந்திருக்க வேண்டும். இதற்காகவே உண்டான சொல் மாதிரி அத்தனை பொருத்தம். பாக்ஸ் வகுப்பறையை விட்டு வெளியே போகவில்லை. இழந்தவன் யாரும் இல்லை. ஒளித்தவனும் தேடியவனும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். 'வகுப்பில் விளையாட்டுத்தனம் அதிகம், கொஞ்சம் சொல்லி வையுங்கள்' என்று எழுதியிருந்தால் வீட்டில் ஒரு அதட்டலோடு முடிந்திருக்கும்.

அந்த அம்மாவும் எழுதினார், இந்தத் தடவை தமிழில்: 'என் மகன் செய்தது தவறுதான், கண்டித்திருக்கிறேன். ஆனால், அவன் செய்தது குறும்பு. திருட்டு என்ற சொல்லை அவன் பதிவிலிருந்து எடுத்துவிடக் கேட்டுக்கொள்கிறேன்.' நேரில் போய்ப் பேசவும் பேசினார். எடுத்துவிட்டார்கள். பாக்ஸைத் தொலைத்துக் கண்டுபிடித்த அந்தப் பையனே, மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்று இவனைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

இரண்டு கேள்விகள்

இந்தச் சொல்லை எங்கே பயன்படுத்தலாம் என்று கேட்பவர்களுக்கு இப்போது நான் இலக்கணம் சொல்வதில்லை. இரண்டு கேள்விகளைச் சொல்கிறேன். ஒன்று, இதில் யாருக்காவது இழப்போ வலியோ இருக்கிறதா? இரண்டு, யார்மீது அது நடந்ததோ, அவரால் கடைசியில் சேர்ந்து சிரிக்க முடிகிறதா?

இழப்பும் இல்லை, சிரிக்கவும் முடிகிறது என்றால் தாராளமாக ஷெனானிகன்ஸ் என்று சொல்லுங்கள். குறும்பு, சேட்டை, வாலு என்று தமிழில் இன்னும் அழகாகச் சொல்லலாம். இழப்பு இருக்கிறது, அவர் சிரிக்கவில்லை என்றால், அதற்கான நேரான சொல்லைத் தேடுங்கள். மோசடி என்றால் மோசடி. துன்புறுத்தல் என்றால் துன்புறுத்தல். மெல்லிய சொல் போட்டு எழுதினால் எழுதுபவருக்குச் சௌகரியம். பட்டவருக்கு அது இரண்டாவது அடி.

சிரிப்பை யார் தீர்மானிக்க வேண்டும் என்பதும் முக்கியம். செய்தவர் 'சும்மா விளையாட்டுக்கு' என்று எப்போதும் சொல்வார். அவரிடம் கேட்டால் உலகத்தில் குற்றமே நடக்கவில்லை. எனவே, கேட்க வேண்டியது எதிரே இருந்தவரிடம்தான். நான்காம் வகுப்புப் பையனுக்கும் இதே விதிதான், ஆபீஸ் மேலதிகாரிக்கும் இதே விதிதான்.

இனி செய்தியிலோ சர்க்குலரிலோ மெயிலிலோ இப்படி ஒரு சிரிப்புச் சொல்லைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டு வாலு செய்ததை யாராவது பெரிய குற்றமாக எழுதினாலும் கேளுங்கள், உங்களுக்கு நேர்ந்த பெரிய குற்றத்தை யாராவது வாலுத்தனமாக எழுதினாலும் கேளுங்கள். திருத்தச் சொல்ல பெரிய ஆங்கிலமெல்லாம் வேண்டாம். 'இந்தச் சொல் சரியில்லை, மாற்றுங்கள்' என்றாலே போதும்.